போர்க்காலத்தில் டெல்டா வேளாண் கல்லூரியை நிறுத்தாமல் நடத்துவது எப்படி: முழுமையான வழிகாட்டி

கல்லூரி முதல்வர்களுக்கும், பண்ணைப் பொறுப்புக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். குண்டு நம் வயலில் விழுந்தால்தான் போர் என்று நினைக்க வேண்டாம். வளைகுடாவில் கப்பல் நின்றாலே நாகப்பட்டினத்தில் யூரியா கிடைக்காது, விடுதியில் கேஸ் சிலிண்டர் வராது, அறுவடை இயந்திரத்துக்கு டீசல் இருக்காது. கஜா புயல், 2020 ஊரடங்கு, உக்ரைன் போரையொட்டி வந்த உர நெருக்கடி, 2025 மே மாத எல்லைப் பதற்றம் என்று எல்லாவற்றிலும் ஒரு கல்லூரிப் பண்ணையை ஓட்டிய அனுபவத்தில் சொல்கிறேன்.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது வரிசையில்தான். நிலைமை மோசமாகிறது என்றதும் முதலில் தேர்வு அட்டவணையைக் கையில் எடுக்கிறார்கள். வகுப்பைத் தள்ளிப்போடலாம், தேர்வைத் தள்ளிப்போடலாம், நாற்றைத் தள்ளிப்போட முடியாது. கீழே உள்ள வரிசை அதை வைத்துத்தான் அமைந்திருக்கிறது.

1. முதலில் பயிர் நாட்காட்டி, அப்புறம்தான் கல்லூரி நாட்காட்டி

ஒரு பெரிய தாளில் 12 மாதத்தையும் வரைந்து, முதலில் தண்ணீரை எழுதுங்கள். மேட்டூர் வழக்கமாகத் திறப்பது ஜூன் 12, மூடுவது ஜனவரி 28. திறந்த தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாள் போல ஆகும், கடைமடைக்கு வர அதற்கு மேலும் ஒரு வாரம், சில வருடம் இன்னும் கூட. உங்கள் பண்ணை தலைமடையா கடைமடையா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாத் தேதிகளும் அமையும்.

அதன் மேல் குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெல் பருவங்களையும் நாற்றங்கால், நடவு, மேலுரம், அறுவடை என்று பிரித்துப் போடுங்கள். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையைத் தனி நிறத்தில் குறியுங்கள், ஏனென்றால் போர் நடக்கிறது என்பதற்காகப் புயல் வராமல் இருக்காது.

இப்போது எந்தெந்த வாரத்தில் ஆள் கட்டாயம் வேண்டும், எந்த வாரத்தில் டீசல் கட்டாயம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். குறுவை அறுவடையும் தாளடி நடவும் ஒன்றன்மேல் ஒன்று விழும் அந்த செப்டம்பர், அக்டோபர் வாரங்கள்தான் மிக நெருக்கடியானவை. அந்த வாரங்களில் எந்தத் தேர்வும், எந்த ஆய்வுக் குழு வருகையும் வைக்காதீர்கள்.

எல்லா வயலையும் காப்பாற்ற முடியாது. எனவே அதே தாளில் வயல்களை மூன்றாகப் பிரித்துவிடுங்கள்: விதைப் பயிர், பல வருடமாகத் தொடரும் ஆய்வுத் திடல்கள், மற்றவை. உரமும் ஆளும் குறையும்போது மூன்றாவதை முதலில் கைவிடுங்கள். இதை நெருக்கடி வந்த பிறகு முடிவு செய்யப் போனால் ஒவ்வொரு துறைத் தலைவரும் தன் திடலே முக்கியம் என்பார். அது நியாயம்தான், ஆனால் அந்த விவாதம் முடிவதற்குள் மேலுரம் போடும் நாள் கடந்துவிடும்.

2. யார் இருப்பார்கள், யார் போவார்கள்

பண்ணைத் தொழிலாளர் பட்டியலை எடுத்து, ஒவ்வொருவரும் எந்த ஊரிலிருந்து வருகிறார், பஸ் இல்லாவிட்டால் நடந்தோ சைக்கிளிலோ வர முடியுமா என்று பக்கத்தில் எழுதுங்கள். டெல்டாவில் இப்போது நடவு வேலைக்கு மேற்கு வங்கத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் குழுக்கள் வருகின்றன. 2020ல் பார்த்தோம், ரயில் நின்றால் அவர்கள் வர முடியாது, இங்கே இருப்பவர்களும் வீட்டு நினைப்பில் கிளம்பத்தான் பார்ப்பார்கள். அது அவர்கள் உரிமை, தடுக்காதீர்கள். பாக்கிக் கூலியை முழுதாகக் கொடுத்து அனுப்புங்கள்.

அந்த இடத்தை நிரப்ப இரண்டு வழி உண்டு. ஒன்று, நடவைக் குறைத்து நேரடி விதைப்புக்குப் போவது. இதற்கு விதை கூடுதலாகத் தேவைப்படும்: குறுகிய கால ரகத்துக்கு நடவு என்றால் ஏக்கருக்கு 24 கிலோ போதும், காய்ந்த மண்ணில் விதைக்கும் புழுதி விதைப்புக்கு 30 கிலோவுக்குக் குறையக் கூடாது. களையும் அதிகம் வரும். எனவே விதைக் கணக்கிலும் களைக்கொல்லிக் கணக்கிலும் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது வழி மாணவர்கள். நடவு, களை, அறுவடை எல்லாம் பாடத்திட்டத்திலேயே செய்முறையாக இருக்கின்றன. ஆனால் மாணவர்களைக் கூலியாள் போல நடத்தினால் ஒரே வாரத்தில் வெறுத்துவிடுவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு மா நிலத்தை நாற்றிலிருந்து அறுவடை வரை முழுப் பொறுப்பாகக் கொடுங்கள், அதற்கு மதிப்பெண்ணும் கொடுங்கள். அந்த ஒரு மா, சுமார் 33 சென்ட், பத்துப் பேர் கையால் பார்த்துக்கொள்ளச் சரியான அளவு.

கடைசியாக, பண்ணை மேலாளர், மின்பணியாளர், டிராக்டர் ஓட்டுநர், மாட்டுக் கொட்டகை ஆள் நால்வருக்கும் மாற்று ஆள் ஒருவரைப் பெயரோடு குறித்து, பக்கத்தில் நின்று வேலை பழக வையுங்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியின் சாவி யாரிடம் என்பது ஒருவருக்கு மட்டும் தெரிந்திருந்தால் அவர் வராத அன்று மொத்தப் பண்ணையும் காயும்.

3. விதையை மூன்று இடத்தில் வையுங்கள்

ஒரு கல்லூரி இழந்தால் திரும்ப வாங்க முடியாத பொருள் விதைதான். கட்டடத்தைத் திரும்பக் கட்டலாம். சிரியாவில் அலெப்போ பக்கம் இருந்த இகார்டா என்ற சர்வதேச ஆய்வு மையத்தின் விதை வங்கியைப் போர் முடக்கியபோது, நார்வேயின் ஸ்வால்பார்டில் முன்கூட்டியே நகல் வைத்திருந்ததால்தான் 2015ல் அங்கிருந்து எடுத்து லெபனானிலும் மொராக்கோவிலும் விதைத்துத் திரும்பப் பெருக்க முடிந்தது. ஸ்வால்பார்டில் வைத்த விதையை ஒருவர் திரும்ப எடுத்தது அதுவே முதல் முறை. நகல் எடுக்க ஆரம்பித்தது போர் தொடங்குவதற்கு முன்னால் என்பதைக் கவனியுங்கள். சண்டை தொடங்கிய பிறகு விதையை லாரியில் ஏற்றுவது எளிதல்ல.

செய்யும் முறை இது. முதலில் பட்டியல்: ரகத்தின் மூலமான கருவிதை, அதிலிருந்து பெருக்கிய வல்லுநர் விதை, உள்ளூர் பாரம்பரிய ரகங்கள், மாணவர் ஆய்வுக்கு வைத்திருக்கும் கலப்பினச் சந்ததிகள். இவற்றில் வேறு எங்கும் இல்லாதவை எவையோ அவையே முதலில். ஏடிடி 43, சிஆர் 1009 போன்ற நெல் ரகங்கள் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலும் மற்ற இடங்களிலும் இருக்கும், அவசரமில்லை. பக்கத்து ஊர் விவசாயி கொடுத்த பெயர் தெரியாத உவர் தாங்கும் நெல் உங்களிடம் மட்டும்தான் இருக்கும்.

அடுத்து காய வைப்பது. சான்று விதைக்கு 13 சதவீத ஈரப்பதம் போதும், ஆனால் மூடி வைத்து நீண்ட நாள் காக்க 8 சதவீதத்துக்கு வர வேண்டும். நம் கடலோரக் காற்றில் சாக்கில் வைத்த விதை மழைக்காலத்தில் மறுபடியும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், எனவே 700 காஜ் தடிமனுள்ள பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். காலையிலும் மாலையிலும் மட்டும் களத்தில் காய வையுங்கள். பன்னிரண்டு மணியிலிருந்து மூன்று மணி வெயில் முளைப்புத்திறனைக் கெடுக்கும். அவசரம் என்று உச்சி வெயிலில் பரப்பிவிடுவதைத்தான் அடிக்கடி பார்க்கிறேன்.

பிறகு ஒவ்வொரு ரகத்தையும் மூன்று பொட்டலமாக்குங்கள். ஒன்று உங்களிடம். ஒன்று கடலோரத்தை விட்டுத் தள்ளி உள்ள வேறொரு கல்லூரியில். மூன்றாவது கோவையிலுள்ள வேளாண் பல்கலைக்கழக விதை வங்கியிலோ டெல்லியின் தேசிய வங்கியிலோ. உங்களிடம் இருப்பதையும் மேல்தளத்தில் வைக்காதீர்கள், தரையிலும் வைக்காதீர்கள். மேல்தளம் தாக்குதலுக்கு ஆகாது, தரை வெள்ளத்துக்கு ஆகாது. தரைத்தளத்தில் இடுப்பு உயர மேடை போதும்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் பதிவேட்டின் நகலைப் பென்சிலால் எழுதி வையுங்கள். மை ஈரத்தில் கரையும், பென்சில் கரையாது. எண் மட்டும் எழுதிய பொட்டலம், பதிவேடு தொலைந்தால் வெறும் நெல்தான்.

உயிர் உர ஆய்வகத்தில் இருக்கும் அசோஸ்பைரில்லம், சூடோமோனாஸ், டிரைகோடெர்மா ஆகிய நுண்ணுயிர்களின் தாய் வளர்ப்புகளையும் (பெருக்குவதற்கு மூலமாக வைத்திருப்பவை) இதே போல வேறொரு கல்லூரிக்கு அனுப்புங்கள். மின்சாரம் நீண்ட நேரம் போனால் குளிர்பெட்டியில் இருப்பது வீணாகும். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

4. உரத்தைக் கணக்குப் பண்ணுங்கள், பதுக்காதீர்கள்

யூரியா தயாரிக்க இயற்கை எரிவாயு வேண்டும், அதில் கணிசமான பங்கு கப்பலில் வருகிறது. டிஏபிக்கான மூலப்பொருள் வெளிநாடு. பொட்டாஷ் முழுக்க முழுக்க இறக்குமதி. கடல்வழி அடைபட்டால் மூன்றுக்கும் தட்டுப்பாடு வரும். அப்போது கல்லூரி லாரி வைத்து மூட்டை மூட்டையாக இறக்கினால் சுற்று வட்டார விவசாயி நம்மை என்ன நினைப்பார்? நாளைக்கு அவர் வயலுக்குத்தான் மாணவர்களைக் கிராமத் தங்கல் பயிற்சிக்கு அனுப்பப் போகிறோம். எனவே வாங்குவதைக் கூட்டாமல் தேவையைக் குறைக்கப் பாருங்கள்.

குறுவைக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), ஏக்கருக்கு 60 கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையில் இருப்பது சுமார் 20 கிலோ தழைச்சத்து. ஆக ஏக்கருக்கு மூன்று மூட்டை. இதைக் குறைக்க மூன்று வேலை:

தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் உரப் பயிர். ஏக்கருக்கு 20 கிலோ விதை, கோடை மழையில் தெளித்து 40 முதல் 45 நாளில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழ வேண்டும். யூரியாவில் ஒரு மூட்டை குறையும். இதில் வழக்கமாக நடக்கும் தவறு விதையைத் தேடுவதே மே மாதத்தில் என்பது. அதற்குள் கடைகளில் தீர்ந்திருக்கும். ஒவ்வொரு வருடமும் ஒரு மா நிலத்தில் தக்கைப்பூண்டை உழாமல் விதைக்கு விட்டுவிடுங்கள், அடுத்த வருடத்துக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இலை வண்ண அட்டை, அதாவது பச்சை நிறத்தின் படிகளை எண் போட்டுக் காட்டும் அட்டை. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை எட்டிலிருந்து பத்து மணிக்குள், பத்துச் செடியில் மேலிருந்து முழுதாக விரிந்த இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பார்க்கும்போது உங்கள் உடம்பு நிழல் இலை மேல் விழ வேண்டும். வெயில் நேராக விழுந்தால் பச்சை வெளிறித் தெரியும், தேவையில்லாமல் யூரியா போடுவீர்கள். பத்தில் ஆறு இலை 4ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம், குறுவைக்கு ஏக்கருக்கு சுமார் 30 கிலோ யூரியா. வெள்ளைப் பொன்னி ரகத்துக்கு எண் 3 என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே மாணவரே வாரா வாரம் பார்த்தால்தான் கணக்கு ஒத்துவரும், ஆளை மாற்றினால் பச்சையும் மாறும்.

வைக்கோல். நெற்பயிர் எடுக்கும் சாம்பல் சத்தில் (பொட்டாஷ்) பெரும்பகுதி வைக்கோலில்தான் தங்குகிறது. மாட்டுக்குத் தேவையானது போக மீதியை விற்கவோ எரிக்கவோ வேண்டாம், வயலுக்கே திருப்புங்கள். பொட்டாஷ் வராத வருடத்தில் நமக்கு இருக்கும் பொட்டாஷ் அதுதான்.

கிடைக்கும் கொஞ்ச உரத்தில் முதல் பங்கு விதைப் பயிருக்கு. ஆய்வுத் திடலில் உர அளவை மாற்றினால் பல வருடத் தொடர்ச்சி போய்விடும், எனவே அடுத்த பங்கு அதற்கு.

5. தண்ணீர், மின்சாரம், டீசல்

வாய்க்கால் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். மதகைத் திறந்து மூடும் பணியாளரான லஸ்கரோடு பேசி முறை நாளைத் தெரிந்துகொள்ளுங்கள், தொலைபேசி இல்லாத நாளில் யாரை எங்கே போய்ப் பார்ப்பது என்றும் எழுதி வையுங்கள். நாற்றங்கால்களை எல்லாம் ஒரே பம்புசெட் பாயும் இடத்தில், அடுத்தடுத்து போடுங்கள். ஏக்கருக்கு 8 சென்ட் நாற்றங்கால்தான், ஒரே டீசல் இன்ஜினால் எல்லாவற்றையும் காப்பாற்றிவிடலாம். துறைக்கு ஒரு மூலையில் நாற்றங்கால் போட்டால் இது நடக்காது.

அந்த டீசல் இன்ஜினை வாரம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். கொட்டகையில் நிற்கிறது என்பதற்காக ஓடும் என்று அர்த்தமில்லை.

டீசலைச் சேர்த்து வைப்பதற்குப் பெட்ரோலியச் சட்டத்தில் அளவு உண்டு. வழக்கமான காலத்தில் உரிமம் இல்லாமல் ஓர் இடத்தில் மொத்தம் 2,500 லிட்டர் வரை, எந்த ஒரு கலனும் 1,000 லிட்டரைத் தாண்டாமல் வைக்கலாம். போர்க்காலத்தில் இதற்கு மேல் கட்டுப்பாடு வரலாம், பங்க்குகளில் கேனில் ஊற்ற மறுப்பார்கள். எனவே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் முன்கூட்டியே கடிதம் வாங்குங்கள். கடிதத்தில் வாரத்துக்கு எவ்வளவு, எந்த வண்டிக்கு என்று பயிர் நாட்காட்டியை இணைத்துக் கொடுத்தால் கேள்வி குறையும். 2020 ஊரடங்கில் வேளாண் பணிக்கு விலக்கு இருந்தும் சோதனைச் சாவடியில் காகிதம் கேட்டார்கள். காகிதம் இருந்த வண்டிதான் போனது.

டீசல் வைக்கும் இடம், பூச்சிமருந்து அறை, ஆய்வகத்தின் அமில அலமாரி, வைக்கோல் போர் நான்கும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்கட்டும். ஒரு தீப்பொறி எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடக் கூடாது. ஆய்வகத்தில் அம்மோனியம் நைட்ரேட் இருந்தால் எடை போட்டுப் பூட்டுங்கள், பதிவேட்டில் இரண்டு பேர் கையெழுத்திடட்டும்.

6. விடுதிச் சாப்பாடு

நாட்டின் சமையல் எரிவாயுத் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி, அதிலும் பெரும்பகுதி வளைகுடாவிலிருந்து. விடுதியில் விறகு அடுப்பு ஒன்றைக் கட்டி, சமையல்காரர்கள் அதில் பழகும்படி வாரம் ஒருநாள் அதிலேயே சமைக்கச் சொல்லுங்கள். சாண எரிவாயுக் கலன் இருந்தால் பழுது பார்த்து வையுங்கள், டீ, பால் காய்ச்ச உதவும்.

நெல் விளையும் கல்லூரியில் அரிசிக்குக் கவலையில்லை என்று நினைப்பார்கள். நெல் இருக்கும், அரைக்க மில் ஓடுமா? ஒரு மாதத்துக்கான அரிசியை அரைத்தே வையுங்கள், மீதி நெல்லாக இருக்கட்டும், நெல்லாக இருந்தால்தான் வண்டு குறைவு. காய்கறிக்குப் புதிய மாணவர்களைக் கொண்டு கீரை, கத்தரி, வெண்டை போடுங்கள். பருப்புக்கு நெல் தரிசில் உளுந்தும் பயறும் வழக்கமாகவே இங்கே விதைப்பதுதான், ஜனவரியில் அறுவடைக்கு முன் தெளிப்பதை விட்டுவிடாதீர்கள்.

7. மாடுகள்

உம்பளச்சேரி மாடு வைத்திருந்தால் நல்லது, வைக்கோலையும் வரப்புப் புல்லையும் தின்று தாக்குப்பிடிக்கும். கலப்பின மாட்டுக்குத் தீவனம் வெளியிலிருந்து வர வேண்டும், எனவே எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோமாரித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுவிடுங்கள், குளிர்பதனம் நின்றால் மருந்து பயன்படாது. சைரன் கேட்டால் மாட்டை அவிழ்த்துவிடும் ஆள் யார் என்று குறித்து வையுங்கள். கட்டிய கயிற்றில் மாடு தீயில் மாட்டக் கூடாது.

8. இருட்டடிப்பும் பதுங்கலும்

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, 2020 முதல் சுகோய் போர் விமானங்கள் அங்கே நிற்கின்றன. நாகை மாவட்டம் பனங்குடியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வளாகம். நமக்கெதற்கு இருட்டடிப்பு என்று கேட்கும் நிலையில் டெல்டா இல்லை. 2025 மே 7ஆம் தேதி நாடு முழுக்க சிவில் பாதுகாப்பு ஒத்திகை நடந்ததே, அந்த மாதிரி உத்தரவு வந்தால் கல்லூரி உடனே செய்ய வேண்டியவை இவை.

விடுதி விளக்கை எல்லாரும் அணைப்பார்கள், பூச்சியை ஈர்த்துப் பிடிக்க வயலில் வைத்திருக்கும் விளக்குப் பொறியை யாரும் நினைக்க மாட்டார்கள். பூச்சியியல் துறை வைத்திருக்கும் சூரியசக்தி விளக்குப் பொறிகள் இருட்டியதும் தானாகவே எரியத் தொடங்கும். ஊரே இருட்டாக இருக்கும்போது நடுவயலில் அந்த ஒரு வெளிச்சம் மேலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றுக்கும் சுவிட்ச் எங்கே என்று வரைபடம் போட்டு, அணைக்கும் பொறுப்பை ஒரு மாணவருக்குக் கொடுங்கள். கோழிக்குஞ்சு அறையின் மின்விளக்கு, மாட்டுக் கொட்டகை விளக்கு, வானிலை நிலையத்துச் சிவப்பு விளக்கு எல்லாம் இதே பட்டியலில் வரும். இரவில் அறுவடை இயந்திரம் ஓட்டும் பழக்கத்தை அந்த நாட்களில் அடியோடு நிறுத்துங்கள்.

டிரோன் பறக்கவிடத் தடை வரும். அதை மட்டும் நம்பி மருந்தடிப்பு வைத்திருந்தால் புகையான் பூச்சி தாக்கும் வாரத்தில் கையைப் பிசைய வேண்டியதுதான். கைத்தெளிப்பான்களை வாஷர் மாற்றி, தண்ணீர் ஊற்றி அடித்துப் பார்த்து வரிசையாக வையுங்கள்.

பதுங்குகுழி வெட்டச் சொல்லி வெளியூர்க் கையேடுகள் சொல்லும். பழைய டெல்டாவில் மழைக்காலத்தில் இடுப்பளவு வெட்டினாலே ஊற்றெடுக்கும், அதில் மாணவர்களை இறக்க முடியாது. தரைத்தளத்தில் ஜன்னல் இல்லாத உள் நடைபாதையைத் தேர்ந்தெடுத்து, வாசலில் மண் நிரப்பிய உரச்சாக்குகளை இரண்டு வரிசை அடுக்குங்கள், ஜன்னல் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுங்கள். வயலில் இருப்பவர்கள் கட்டடத்துக்கு ஓடி வரக் கூடாது. வரப்போரம், காய்ந்த வாய்க்காலில் குப்புறப் படுக்கப் பழக்குங்கள்.

9. பாடமும் தேர்வும்

பருவம் தொடங்கியதும் செய்முறைகளை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். மண் மாதிரி எடுப்பது, ஒட்டுக்கட்டுவது, இயந்திரம் ஓட்டுவது எல்லாம் கையில் செய்தால்தான் வரும். எழுத்துப்பாடத்தை வீட்டுக்கு அனுப்பிய பிறகும் நடத்தலாம், வாட்ஸாப்பிலோ அச்சிட்ட குறிப்பாகவோ கொடுக்கலாம். 2020ல் பல இடங்களில் நேர்மாறாக நடந்தது, நாற்று பிடித்தே பார்க்காமல் ஒரு பருவம் போனது.

நான்காம் ஆண்டு கிராமத் தங்கலை ரத்து செய்யாதீர்கள். மாணவரின் சொந்த ஊரிலேயே, அங்குள்ள வேளாண் விரிவாக்க மையத்தோடு சேர்த்து நடத்துங்கள். உரம் இல்லாத வருடத்தில் இலை வண்ண அட்டையோடு ஒரு மாணவர் தன் ஊரில் இருப்பது அந்த ஊருக்கும் உபயோகம்.

மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பீரோவில் வைத்துக்கொள்ளாமல் நகல் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். ஆய்வு மாணவர்களின் வயல் குறிப்பேட்டை வாரம் ஒருமுறை செல்போனில் படம் எடுத்து, ஒரு பிரதியை மேற்பார்வையாளரிடமும் ஒன்றை வேறு ஊரிலும் வைக்கச் சொல்லுங்கள். மழைமானியைக் காலையில் கையால் படித்து எழுதும் வழக்கத்தையும் திரும்பக் கொண்டுவாருங்கள், தானியங்கி நிலையத்துக்கு வலைத்தொடர்பு வேண்டும், மழைமானிக்கு வேண்டாம்.

10. அறுவடை

அறுவடை இயந்திரங்கள் பெரும்பாலும் சேலம், நாமக்கல் பக்கமிருந்து வருகின்றன. டீசல் தட்டுப்பாட்டில் அவை கிளம்பாமல் போகலாம். பயிர் பால் பிடிக்கும்போதே பேசி, டீசல் நம் பொறுப்பு என்று சொல்லி வைத்துவிடுங்கள். சம்பா வயல் ஈரமாக இருக்கும், பெல்ட் வண்டிதான் வேண்டும், டயர் வண்டி இறங்காது. விதைத் திடலை மட்டும் கையால் அறுக்க ஆளும் அரிவாளும் தயாராக இருக்கட்டும், எப்படியும் ரகக் கலப்பைத் தவிர்க்க அதுவே நல்லது.

கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் எடுப்பது அரசு தளர்வு கொடுத்தால்தான். லாரி வராமல் மூட்டைகள் களத்திலேயே கிடக்கும் நிலை சாதாரண வருடத்திலேயே வருகிறது, போர்க்காலத்தில் கட்டாயம் வரும். எனவே படுதாவும், அடியில் போடப் பலகையும், சாக்கும் அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே கையில் இருக்க வேண்டும். விதை நெல்லை முதலில் காய வைத்து உள்ளே ஏற்றுங்கள், சாப்பாட்டு நெல் அடுத்து, விற்பனை நெல் கடைசி. களத்தில் இடம் போதாவிட்டால் வகுப்பறை வராந்தா இருக்கிறது, கூடைப்பந்து மைதானத்துச் சிமென்ட் தரையும் இருக்கிறது.